1,024 மாடங்கள்: இல்லாத ஒரு பேரவையில் நம் இருக்கையைத் தேடி



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்கு நான் கொடுத்த தலைப்பைக் கேட்டதும் மன்றத் தோழர் தொலைபேசியில் சற்று நேரம் பேசவேயில்லை. பிறகு, "அண்ணே, சினிமாவா?" என்றார். ஆமாம், சினிமாதான். அதிலும் அமெரிக்க விண்வெளி சினிமா. 'ஸ்டார் வார்ஸ்' படங்களில் வரும் விண்மீன் மண்டல அரசின் பேரவைக் கட்டடம். செங்கல்லும் சிமெண்டும் இல்லாமல் பெரும்பாலும் கணினியில் எழுப்பப்பட்டது. அதைப் பற்றி ஐயாவின் பெயரால் ஏன் பேச வேண்டும்?

ஐயாவிடம் படித்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். பள்ளிச் சுற்றுலாவில் எந்தப் பெரிய கட்டடத்தின் முன் பேருந்து நின்றாலும் அதன் உயரத்தையும் தூண்களையும் பற்றிச் சொல்லிவிட்டு, கடைசியாக ஒரு கேள்வி கேட்பார்: "இதுக்குள்ள நம்மாளு எந்த வாசல் வழியா போனான்? போயி எங்க நின்னான்?" நாங்கள் பதில் தெரியாமல் விழிப்போம். கட்டடத்தைப் பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தக் கேள்விதான்.

உண்மையான கட்டடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டால் சாக்கு சொல்லலாம். இடம் போதவில்லை என்பார்கள், பணம் போதவில்லை என்பார்கள், அந்தக் காலம் அப்படி என்பார்கள். கற்பனைக் கட்டடத்தில் எந்தச் சாக்குக்கும் வழியில்லை. அங்கே இடத்துக்கு எல்லை கிடையாது. அப்படியிருந்தும் யாருக்கு இருக்கை வைத்தார்கள், யாருக்கு வைக்கவில்லை என்று பார்த்தால், ஒரு சமூகம் 'அனைவரும்' என்று சொல்லும்போது யாரை நினைக்கிறது என்பது தெரிந்துவிடும். அதனால்தான் இந்தத் தலைப்பு.

கட்டடம்

படங்களைப் பார்க்காதவர்களுக்காகக் கட்டடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொரஸ்கண்ட் என்று ஒரு கோள். கோள் முழுவதும் ஒரே நகரம். ஒன்றின் மேல் ஒன்றாக 5,000-க்கும் மேற்பட்ட அடுக்குகள். கீழ் அடுக்குகளில் இருப்பவர்களுக்கு வெயில் எட்டாது. அத்தனைக்கும் மேலே, வெளிச்சத்தில், கவிழ்த்து வைத்த அகன்ற கிண்ணம் போல நிற்கிறது பேரவை.

1977-இல் வந்த முதல் படத்தில் இந்தக் கட்டடத்தை நாம் பார்ப்பதில்லை. அது இல்லாமல் போன செய்தியைத்தான் கேட்கிறோம். பேரவையைப் பேரரசர் கலைத்துவிட்டார், இனி வட்டார ஆளுநர்களே நேரடியாக ஆள்வார்கள், அச்சமே மக்களை அடக்கி வைக்கும் என்று ஒரு தளபதி ராணுவக் கூட்டத்தில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறான். ஆக, இந்தப் பேரவை நம் காதில் விழுவதே அதன் சாவுச் செய்தியாகத்தான். 22 ஆண்டுகள் கழித்து, 1999-இல் 'த ஃபாண்டம் மெனஸ்' வந்தபோதுதான் கதையின் முற்காலத்துக்குப் போய் உள்ளரங்கைப் பார்க்கிறோம்.

உள்ளே அது ஒரு பெரும் கிணறு போல இருக்கிறது. சுற்றுச்சுவர் முழுக்க, கீழிருந்து மேல்வரை, வட்டவட்டமான மாடங்கள். அவற்றின் எண்ணிக்கை 1,024 என்று அந்தக் கதையுலகின் விளக்க நூல்கள் சொல்கின்றன. ஒவ்வொரு மாடத்திலும் ஓர் உலகத்தின் அல்லது பல உலகங்களின் பிரதிநிதி, உதவியாளர்களோடு. நடுவே உயர்ந்த தண்டின் மேல் வேந்தரின் மேடை. பேச விரும்பும் பிரதிநிதிக்கு வேந்தர் அனுமதி தந்தால், அந்த மாடம் சுவரிலிருந்து பிரிந்து, மிதந்து நடுவெளிக்கு வரும். பேசி முடித்ததும் திரும்பிச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்.

வேந்தரின் மேடைக்கு நேர் கீழே, கண்ணுக்குத் தெரியாமல், அவருடைய அறை ஒன்று இருக்கிறது. மேடை அந்த அறையிலிருந்துதான் மேலே எழுகிறது. மேலே நடப்பது விவாதம், முடிவெடுப்பது கீழே என்பதைக் கட்டடமே சொல்லிவிடுகிறது.

வட்டத்தின் பொய்

பேரவை அரங்கத்தின் வடிவம் எங்கேயும் தற்செயலாக அமைவதில்லை. லண்டன் பொதுச்சபை 1941-இல் குண்டுவீச்சில் அழிந்தது. அரைவட்டமாகக் கட்டலாமா என்ற பேச்சு வந்தபோது, எதிரெதிர் வரிசைகள் கொண்ட பழைய நீள்சதுர வடிவமே வேண்டும், எல்லா உறுப்பினர்களுக்கும் இருக்கை போடவும் வேண்டாம் என்று 1943-இல் சர்ச்சில் வாதாடினார். அப்படியே கட்டினார்கள். ஹிட்லருக்காக ஆல்பர்ட் ஸ்பியர் வரைந்த பெர்லின் மண்டபமோ ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கொள்ளக்கூடியது. அத்தனை பேர் கூடினாலும் பேச ஒருவருக்குத்தான் இடம். நல்லவேளை, அது மாதிரி வடிவத்தோடு நின்றுபோனது.

நம் டெல்லியின் பழைய நாடாளுமன்றமும் வட்டம்தான். ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்து, 1921-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1927-இல் திறக்கப்பட்டது. வெளியே 144 தூண்கள், உள்ளே மூன்று அரங்கங்கள். அவற்றில் ஒன்று மன்னர்களுக்காகவே கட்டப்பட்டது. கோடிக்கணக்கான தீண்டப்படாத மக்களின் சார்பில் அதே 1927-இல் மத்திய சட்டசபைக்குள் போனவர் எம்.சி. ராஜா. அவரும் நியமன உறுப்பினராகத்தான் போனார். ஐயாவின் கேள்விக்கு இது ஒரு பதில்: நம்மாள் நியமன வாசல் வழியாகப் போனான்.

வட்டம் என்றால் சமத்துவம் என்று நாம் நினைக்கிறோம். வட்டத்துக்குத் தலைமாடும் இல்லை, கால்மாடும் இல்லை. கொரஸ்கண்ட் பேரவையின் கவர்ச்சியும் அதுதான், எல்லா மாடமும் ஒரே அளவு. ஆனால் 1999 படத்தின் காட்சியைக் கவனமாகப் பாருங்கள். நபூ என்ற சிறிய கோளின் அரசி தன் மக்கள் படையெடுப்பில் சாகிறார்கள் என்று முறையிடுகிறாள். படையெடுத்தது ஒரு வணிகக் கூட்டமைப்பு. அந்த வணிகக் கூட்டமைப்புக்கும் அதே பேரவையில் மாடம் இருக்கிறது. ஒரு கம்பெனிக்கும் ஒரு மக்களுக்கும் ஒரே அளவு இருக்கை! கூட்டமைப்பின் பிரதிநிதி எழுந்து, ஆதாரம் இல்லை, விசாரணைக் குழு அனுப்புங்கள் என்கிறான். இன்னொரு மாடம் அதை ஆதரிக்கிறது. வேந்தரின் காதில் அதிகாரிகள் ஏதோ சொல்கிறார்கள். வேந்தர் தயங்குகிறார்.

இந்தக் காட்சி நமக்குப் புதிதல்ல. வன்கொடுமை நடந்த ஊரிலிருந்து மனு கொண்டுபோனவர்கள் எல்லோரும் பார்த்ததுதான். குழு போடுவார்கள்.

இன்னொன்று: மாடங்கள் ஒன்றோடொன்று பேச முடியாது. பக்கத்து மாடத்துக்காரரின் தோளைத் தொட்டுப் பேச வழியில்லை. எல்லோரும் நடுவைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். 1,024 பேர் தனித்தனியாக மிதக்கிறார்கள், மேலே உயர ஒரே ஒருவர் இருக்கிறார்.

மாடம் இல்லாதவர்கள்

இனி, இருக்கையே இல்லாதவர்கள். நான் எண்ணிப் பார்த்ததில் முக்கியமாக மூன்று கூட்டம்.

முதலாவது அடிமைகள். அதே 1999 படத்தில், டாட்டூயின் என்ற பாலைவனக் கோளில் ஷ்மி என்ற தாயும் அனகின் என்ற சிறுவனும் அடிமைகள். அடிமை முறை இன்னும் இருக்கிறதா என்று நபூவின் அரசி பத்மே திகைக்கிறாள். அதை ஒழிக்கக் குடியரசில் சட்டம் இருக்கிறதே என்கிறாள். குடியரசு இங்கே இல்லையம்மா என்ற பொருளில் ஷ்மி அமைதியாகப் பதில் சொல்கிறாள். நம் அரசியல் சட்டத்தின் 17-ஆவது கூறு தீண்டாமையை ஒழித்துவிட்டது என்று நல்ல மனதோடு நம்மிடம் சொல்லும் நண்பர்கள் பத்மேயைப் போன்றவர்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. அந்தக் குடியரசு தேநீர்க் கடை வாசல்வரை வந்து சேரவில்லை, அவ்வளவுதான். ஷ்மியைப் பேரவை விடுவிக்கவில்லை. ஒரு விவசாயி விலை கொடுத்து வாங்கி, விடுதலை செய்து, மணந்துகொண்டார். பத்து ஆண்டுகளில் பேரவையிலிருந்து யாரும் அவளைத் தேடி வரவில்லை.

இரண்டாவது, நகலெடுத்து வளர்க்கப்பட்ட போர்வீரர்கள். 2002-இல் வந்த 'அட்டாக் ஆஃப் த க்ளோன்ஸ்' படத்தில், குடியரசுக்காக லட்சக்கணக்கானவர்கள் தொழிற்சாலையில் உருவாக்கப்படுகிறார்கள். ராணுவம் வேண்டுமா வேண்டாமா என்று பேரவை விவாதிக்கிறது. சாகப்போகும் அந்த வீரர்களுக்கு விருப்பமா என்று ஒரு மாடம்கூடக் கேட்கவில்லை. பிறப்பிலேயே தொழில் விதிக்கப்பட்டவர்கள் அவர்கள். அதற்கு நம்மூரில் என்ன பெயர் என்று இந்த மன்றத்தில் நான் சொல்ல வேண்டியதில்லை. 'த பேட் பேட்ச்' என்ற தொடரில், 2023-இல் வந்த பகுதியில், ஒரு பெண் பிரதிநிதி இந்த வீரர்களுக்காகப் பேரவையில் போராடுகிறாள். பெரிய கொடுமை ஒன்றை ஆதாரத்தோடு அம்பலப்படுத்துகிறாள். பேரரசர் என்ன செய்கிறார் தெரியுமா? அந்த ஆதாரத்தையே எடுத்துக்கொண்டு, ஆணை என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் இந்த வீரர்கள் இனி வேண்டாம் என்று, அவர்களைக் கைவிடும் சட்டத்தை நிறைவேற்றிவிடுகிறார். நம் துயரத்தை நமக்கு எதிராகவே சாட்சியாக்கும் வித்தையை இவ்வளவு தெளிவாகக் காட்டிய காட்சியை நான் அதிகம் பார்த்ததில்லை.

மூன்றாவது, இயந்திர மனிதர்கள். மொழிபெயர்க்கிறார்கள், விண்கலத்தைப் பழுதுபார்க்கிறார்கள், உயிரைக் காப்பாற்றுகிறார்கள். 1977 படத்தில் ஒரு மதுக்கடையில், இவர்களுக்கு இங்கே இடமில்லை, வெளியே நிற்கட்டும் என்று கடைக்காரன் சொல்கிறான். கதையின் நல்லவர்கள் சண்டை போடாமல் அவர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். நான் கல்லூரிக் காலத்தில் அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது திரையரங்கமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இருக்கை கிடைத்தவன்

சரி, இருக்கை கிடைத்துவிட்டால்? இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான்.

நபூ கோளில் இரண்டு மக்கள். மேலே அழகான நகரங்களில் மனிதர்கள். கீழே, நீருக்கடியில், குங்கன்கள். மேலே இருப்பவர்கள் குங்கன்களைக் காட்டுமிராண்டிகள் என்று நினைக்கிறார்கள். போர் வந்ததும் அரசி குங்கன் தலைவன் முன் மண்டியிட்டு உதவி கேட்கிறாள். குங்கன் படை எதிரியைத் திசைதிருப்பத் திறந்த வெளியில் நின்று அடிவாங்குகிறது. வெற்றிக்குப் பிறகு, ஜார் ஜார் பிங்க்ஸ் என்ற குங்கன் பேரவைக்குப் போகிறான். பத்மேயின் மாடத்தில், அவளுக்கு அடுத்த இடம்.

இந்தக் கதாபாத்திரத்தைக் கோமாளியாக எழுதினார்கள். அவனுடைய பேச்சும் நடையும் கரீபியக் கறுப்பின மக்களைக் கேலி செய்கின்றன என்று 1999-இலேயே கண்டனம் எழுந்தது. பழி முழுவதும் அந்தப் பாத்திரத்தில் நடித்த கறுப்பின நடிகர் அஹமது பெஸ்ட் மீது விழுந்தது. அது தன்னை எவ்வளவு நொறுக்கியது என்று 2018-இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். எழுதியவர்கள் தப்பித்துக்கொண்டார்கள், நடித்தவர் சுமந்தார்.

2002 படத்தில் பத்மே ஊரில் இல்லாத நேரம். மாடம் ஜார் ஜார் கையில். வேந்தர் பால்படீனுக்கு அவசரகால அதிகாரம் வேண்டும். ஆனால் அதை அவரே கேட்க முடியாது. துணிச்சலான யாராவது ஒரு பிரதிநிதி முன்மொழிந்தால் நன்றாக இருக்கும் என்று அவர் அறையில் ஒரு பேச்சு எழுகிறது. ஜார் ஜார் அங்கேதான் நிற்கிறான். அடுத்த காட்சியில் அவனுடைய மாடம் சுவரிலிருந்து பிரிந்து மிதந்து வருகிறது. வரலாற்றிலேயே முதன்முறையாக ஒரு குங்கனின் குரல் அந்த அரங்கத்தில் முழங்குகிறது. அது சர்வாதிகாரிக்கு அதிகாரம் கொடுக்கும் தீர்மானத்தை முன்மொழிகிறது. அரங்கம் ஆர்ப்பரிக்கிறது.

இதைப் பார்த்து ரசிகர்கள் அவனை முட்டாள் என்று திட்டினார்கள். எனக்கு அவனைத் திட்ட வாய் வரவில்லை. என் சித்தி ஐந்தாண்டுகள் ஊராட்சி வார்டு உறுப்பினராக இருந்தார். கூட்டத்துக்கு அவரை யாரும் கூப்பிட்டதில்லை. தீர்மானப் புத்தகம் மட்டும் வீட்டுக்கு வரும். அடுப்பிலிருந்து எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை கேட்டதற்கு, "உனக்கெதுக்கும்மா அதெல்லாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்களாம். சித்தி முட்டாளில்லை. அந்த இருக்கையை அப்படித்தான் செய்து வைத்திருந்தார்கள்.

இருக்கை எப்படிச் செய்யப்படுகிறது என்பதுதான் 1930-இலிருந்து நம் முன்னோர் நடத்திய சண்டை. லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் கேட்டது வெறும் நாற்காலிகளை அல்ல. எங்கள் பிரதிநிதியை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். 1932 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட வகுப்புவாரித் தீர்வு தனித்தொகுதி முறையைக் கொடுத்தது. காந்தியின் உண்ணாவிரதத்தின்போது, செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம். மாகாண சபைகளில் நம் இடங்கள் 71-லிருந்து 148 ஆயின. சென்னை மாகாணத்துக்கு 30. எண்ணிக்கை இரண்டு மடங்கானது. ஆனால் அந்த இருக்கையில் யார் உட்காருவது என்பதை எல்லோரும் சேர்ந்து, அதாவது நம்மைவிட எண்ணிக்கையில் மிகுந்தவர்கள், முடிவு செய்யும்படி ஆனது. மாடம் நமக்கு, அதை நகர்த்தும் விசை வேறொருவர் கையில். அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவரான அண்ணலே 1952 பொதுத்தேர்தலில் பம்பாயில் பட்டியல் சாதியினருக்கான இருக்கைக்குப் போட்டியிட்டு, காங்கிரஸ் வேட்பாளரிடம் தோற்றார் என்பதை மாணவர்கள் மறக்கக் கூடாது. பூனா ஒப்பந்தத்தின் 50-ஆம் ஆண்டு நாளில், 1982-இல், கான்ஷிராம் 'சம்ச்சா யுகம்' என்ற நூலை வெளியிட்டது இந்தக் கணக்கைத் தீர்க்கத்தான். பிறர் கைக்கருவியாகும் தலைவர்களை அந்த ஒப்பந்தம் எப்படி உற்பத்தி செய்கிறது என்பதே அவர் வாதம்.

இருக்கையை இயக்கும் விசையைக் கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் நாம் அறிவோம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் பத்தாண்டுகள் தேர்தலே முறையாக நடக்க விடவில்லை. மேலவளவில் தலைவராக வென்ற முருகேசனையும் உடன் வந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். கையெழுத்து மட்டும் போடும் தலைவராக இருந்திருந்தால் அவரை விட்டிருப்பார்கள்.

கைதட்டல்

2005-இல் வந்த 'ரிவெஞ்ச் ஆஃப் த சித்' படத்தில், அதே அரங்கில், அதே மேடையில் நின்று பால்படீன் குடியரசைப் பேரரசாக அறிவிக்கிறார். யாரும் துப்பாக்கியோடு உள்ளே வரவில்லை. ஒரு தூணும் இடியவில்லை. மாடங்கள் எழுந்து நின்று கைதட்டுகின்றன. மக்களாட்சி பறிக்கப்படுவதைவிட, மக்களே அதை எப்படிக் கையில் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பதைத்தான் சொல்ல வந்ததாக இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் பேட்டிகளில் விளக்கியிருக்கிறார்.

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் இதைத்தான் எச்சரித்தார். பக்தி சமயத்தில் ஆன்மாவுக்கு வழியாகலாம், அரசியலில் தனிமனித வழிபாடு சர்வாதிகாரத்துக்கே வழி என்றார். அரசியலில் ஒருவருக்கு ஒரு வாக்கு, சமூகத்திலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வு என்ற முரண்பாட்டோடு நாம் வாழப் புகுகிறோம் என்றும் சொன்னார். அண்ணல் அதைச் சொன்னது ஒரு வட்டக் கட்டடத்துக்குள் நின்றுதான். வட்டத்தை அவர் நம்பவில்லை.

பால்படீன் அறிவிப்புக்குச் சற்று நேரத்தில் ஒரு சண்டை வருகிறது. வேந்தரின் கீழறையில் தொடங்கி, மேடையோடு சேர்ந்து மேலே எழுந்து அரங்கத்துக்குள் வருகிறது. பால்படீன் சுவரில் இருக்கும் மாடங்களைப் பிடுங்கி எதிராளி மேல் வீசி எறிகிறார். உலகங்களின் இருக்கைகள் ஒருவன் கையில் எறிகற்களாகிவிடுகின்றன. வேறு எதை மறந்தாலும் இந்தக் காட்சியை மறக்காதீர்கள்.

ஒரு பேச்சுக்கு எத்தனை பேர்

அப்படியானால் பேரவையே வேண்டாமா? வெளியேறிவிடலாமா? இளம் தோழர்கள் பலர் இப்படிக் கேட்கிறார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் என் பதில் வேறு.

2025-இல் வந்த 'ஆண்டோர்' தொடரின் இரண்டாம் பகுதியில், பேரரசின் கீழ் வெறும் கூடாக மிஞ்சியிருக்கும் அதே பேரவையில் மான் மோத்மா என்ற பெண் பிரதிநிதி எழுந்து, கோர்மன் என்ற கோளில் நடந்தது இனப்படுகொலை என்று அதன் பெயரைச் சொல்லி அறிவிக்கிறாள். பேச்சு சில நிமிடங்கள்தான். ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்குப் பின்னால் எத்தனை பேர்! நண்பர் ஒருவர் அவை விதியைப் பயன்படுத்தி அவளுக்குப் பேசும் வாய்ப்பை வாங்கித் தருகிறார். ஒளிபரப்பைத் துண்டிக்க ஆணை பறக்கிறது, ஆனால் உடனே துண்டிக்க முடியாமல் போகிறது. பேசி முடித்தவளை உயிரோடு வெளியே கொண்டுவர ஆட்கள் ஏற்கெனவே கட்டடத்துக்குள் வந்திருக்கிறார்கள். ஜார் ஜாரும் அதே அரங்கில்தான் பேசினான். அவனுக்குப் பின்னால் நின்றது வேந்தர் மட்டுமே. இவளுக்குப் பின்னால் ஓர் இயக்கம் நின்றது.

அரசியல் நிர்ணய சபையில் இருந்த ஒரே தலித் பெண், சென்னை மாகாணத்திலிருந்து போன தாட்சாயணி வேலாயுதன். தனி ஒருத்தியாகத்தான் உட்கார்ந்தார், ஆனாலும் வாயை மூடிக்கொண்டு உட்காரவில்லை. கேரளத்துப் புலையர் மக்கள் கல்விக்கும் தெருவில் நடக்கும் உரிமைக்கும் அதற்கு முன்பே நடத்திய போராட்டங்கள் அவருக்குப் பின்னால் இருந்தன.

ஆகவே மாணவ நண்பர்களே, உங்கள் ஊரில் நம்மாள் ஒருவர் தலைவராகவோ உறுப்பினராகவோ ஆனால், மாலை போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். தீர்மானப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கூட்டத்துக்கு அவரோடு பத்துப் பேராகப் போங்கள். அவர் தவறு செய்தால் முதலில் கேட்பவர்களும் நீங்களாகவே இருங்கள். என் சித்திக்குப் பின்னால் அன்று அப்படிப் பத்துப் பேர் இல்லை. நானும் இல்லை. வெளியூரில் படித்துக்கொண்டிருந்தேன் என்பது காரணம்தான், நியாயம் இல்லை.

ஐயா இருந்திருந்தால் இந்தக் கட்டடத்தின் படத்தையும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்திருப்பார். 1,024 மாடங்களையும் வியந்திருப்பார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார். எந்த வாசல் வழியாகப் போனோம் என்பதற்கு இன்று நம்மிடம் ஓரளவு பதில் இருக்கிறது. போய் எங்கே நின்றோம் என்பதற்கு நீங்கள்தான் பதில் எழுத வேண்டும்.